ஐந்தாவது வீட்டுக்கு என்ன கொடுப்பது

என் மகனுக்கு, உன் அம்மா எழுதுவது. நீயும் செல்லம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்கு அவரால் தலைவலி, மற்றபடி சுகம். உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. மேல்பாதியைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். வேலப்பன்சாவடியில் தனிக்குடித்தனம் வைத்து முதல் பொங்கல், கண்ட்ரோல் கடையில் சர்க்கரை இல்லை, வெல்லம் கண்ணிலேயே படவில்லை, வரிசையில் இருக்கும் ஐந்து வீட்டுக்கும் என்னத்தைக் கொடுப்பது, நீ உன் கையால் ஏதோ செய்து கொடுப்பாயே அம்மா, அதை எப்படிச் செய்வது என்று கேட்டிருந்தாய். ஒரு முழம் பூவை ஏமாறாமல் வாங்கத் தெரியாத பிள்ளைக்கு இவ்வளவு பொறுப்பு வந்துவிட்டதே என்று இருந்தது. அப்புறம்தான் தாளின் அடியில் இடம் போதாமல் ஓரமாகத் திருப்பி எழுதியிருந்த வரியைப் பார்த்தேன். ஐந்தாவது வீட்டு அம்மாவின் புருஷன் பட்டாளத்துக்குப் போனவர், சண்டை முடிந்தும் ஒரு தகவலும் இல்லை, அவர்களுக்கு மட்டும் வேறு ஏதாவது கொடுத்துவிடலாமா என்று செல்லம்மா கேட்கிறாள் என்று எழுதியிருந்தாய். அதை நான்கு முறை படித்தேன். அடுப்பில் சோறு குழைந்து, அடிபிடித்து, உன் அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து "இன்னாமே, ஊட்டையே கொளுத்திட்டியா?" என்று கேட்கிறவரை நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

இந்தக் கடிதம் பொங்கலுக்கு முன்னால் உன் கைக்கு வந்தாக வேண்டும். அதனால் அவசரமாக எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்ற எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், சிரிக்காமல் படி. கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதைச் சொல்லி முடிப்பதற்குள் இது விட்டுப்போய்விடும். நல்ல குண்டு மஞ்சளாகப் பார்த்துப் பொறுக்கி, பாக்கு அளவுக்கு உடைத்துக்கொள்ளச் சொல். பூந்தமல்லி நாட்டுமருந்துக் கடையில் வெண்காரமும் படிகாரமும் கிடைக்கும், இரண்டும் கொஞ்சமாக இருந்தால் போதும். பொடித்து எலுமிச்சம் பழச் சாற்றில் கரைத்து, மண்சட்டியில் மஞ்சளைப் போட்டு அந்தச் சாற்றை ஊற்றிப் பிசறி வைக்க வேண்டும். பித்தளைப் பாத்திரத்தில் செய்துவிடாதே, புளிப்பு பட்டுக் களிம்பு ஏறிவிடும். மஞ்சள் சாற்றைக் குடித்துக்குடித்துச் சிவந்துகொண்டு வரும். வெயிலில் வைக்காமல் நிழலிலேயே காயவைத்து, உரலில் இடித்து, மெல்லிய துணியில் சலித்து, இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டுத் தேய்த்தால் குங்குமம் தயார். உடைத்துப் பார்த்தால் மஞ்சளின் உள்ளேயும் சிவந்திருக்க வேண்டும், அதுவரை பொறுமை வேண்டும். உனக்குப் பொறுமை கிடையாது, செல்லம்மாவையே பார்த்துக்கொள்ளச் சொல்.

வைத்துக் கொடுப்பதற்குப் பனையோலையில் மூடி போட்ட சின்னப் பெட்டிபோலக் கொட்டான் முடைய வேண்டும். குருத்தோலையைப் பாதி காய்ந்திருக்கும்போதே வார்ந்து மடித்துவிட வேண்டும். முழுக்கக் காய்ந்தால் முறியும், ஈரமாக இருந்தால் பிறகு சுருங்கி மூடி நிற்காது. எலுமிச்சம்பழம் உள்ளே அடங்குகிற அளவு இருந்தால் போதும். இதற்கெல்லாம் பெரிய செலவு ஒன்றும் இல்லை. சண்டை வருவதற்கு முன்னால் நாங்கள் யாரும் இந்த வேலையெல்லாம் செய்தவர்கள் இல்லை. பொங்கலுக்கு அதிரசமும் சர்க்கரைப் பொங்கலும் தட்டில் வைத்து வீடுவீடாகக் கொடுத்து அனுப்புவோம். வெல்லம் மறைந்துபோன முதல் வருஷம், கொடுக்க ஒன்றும் இல்லையே என்ற வெட்கத்தில் வரிசையில் எல்லாரும் பண்டிகையும் அதுவுமாகக் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு உள்ளேயே கிடந்தோம். எனக்கு அது பொறுக்கவில்லை. நம் கொல்லையில் விளைந்த மஞ்சள் இருந்தது, வாய்க்கால் கரையில் பனை இருந்தது. அடுத்த பொங்கலுக்கு நான் குங்குமம் செய்து கொண்டுபோனேன். பிறகு ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒருத்தி சீயக்காய் அரைத்தாள், ஒருத்தி பஞ்சில் விளக்குத்திரி திரித்தாள், அடுத்த வீட்டு அலமேலு கொட்டாங்கச்சியை இழைத்து எல்லாருக்கும் ஆளுக்கொரு அகப்பை செய்து கொடுத்தாள். அதைப்போலச் சந்தோஷமான பொங்கலை நான் அதிரசம் இருந்த காலத்தில்கூடப் பார்த்ததில்லை.

கோடி வீட்டுத் தாயாரம்மா தாலியறுத்தவர். அவருக்குக் குங்குமம் கொடுக்க முடியாது, வெறுங்கையோடு அந்த வீட்டைத் தாண்டிப் போகவும் மனசு வரவில்லை. அதனால் அவருக்கு மட்டும் பனையோலையில் ஒரு விசிறி முடைந்து கொடுத்தேன். தை மாதப் பனியில் விசிறியா என்று உன் அப்பா கேலி செய்தார். அடுப்பு விசிற ஆகும் என்று சொன்னேன். அன்றிலிருந்து நம் வரிசையில் அது ஒரு வழக்கமாகிவிட்டது, கட்டுக்கழுத்திக்குக் குங்குமம், தாலியறுத்தவருக்கு விசிறி என்று. வழக்கத்தைத் தொடங்கிவைத்தது நான்தான். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

அலமேலுவின் புருஷன் ஏகாம்பரம் ரங்கூனில் அரிசி மில்லில் வேலையாக இருந்தது உனக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒரு கடிதம் வரும், அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்துக் காட்டுவேன். புருஷன் பெண்டாட்டிக்கு எழுதியதை மூன்றாவது ஆள் படித்தால் எப்படி இருக்கும்? சில வரிகளை நான் தாண்டிப் போவேன், அவள் கண்டுபிடித்துவிடுவாள். "யக்கா, நடுவுல முழுங்கிட்டியே, அத்த படி" என்று என் தொடையில் கிள்ளுவாள். ரங்கூனில் குண்டு விழுந்தது, ஜனங்கள் காட்டு வழியாக நடந்தே வந்தார்கள், அவர் வரவில்லை. கடிதமும் நின்றுபோனது. அவள் மட்டும் தினமும் குளித்து, பூ வைத்து, நெற்றி நிறையப் பொட்டு வைத்துக்கொண்டுதான் தண்ணீருக்கு வருவாள். ஒரு வருஷம் போனது, இரண்டாவதும் முடிகிற நேரம். கொழுந்தன் சபாபதி ஒருநாள் வந்து, நடந்து வந்தவர்களில் ஒருத்தன் தன்னிடம் சொன்னதாகவும், அண்ணன் பேதி கண்டு வழியிலேயே விழுந்துவிட்டதாகவும் தெருவில் நின்று சொன்னான். அவள் வாசலுக்கு வந்து, "வுழுந்தத பாத்தானே, எழுந்திரிக்காதத பாத்தானா? அவன என் எதிர்ல கூட்டிகினு வந்து சொல்லச் சொல்லு" என்று கேட்டாள். அவன் யாரையும் கூட்டி வரவில்லை. முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் அண்ணன் தம்பிக்குப் பொதுவாக இருந்த நிலத்தைப் பட்டாளத்துக் கேம்புக்காக வளைத்துப் பணம் கொடுக்கப் போகிறார்கள் என்று அப்போது பேச்சு. அண்ணன் இல்லை என்று ஆகிவிட்டால் தம்பி வைத்ததுதான் சட்டம். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும், தெரிந்தும் யாரும் பேசவில்லை.

அந்த வருஷப் பொங்கல் வந்தது. மஞ்சளைச் சாற்றில் போட்ட நாளிலிருந்து எனக்கு இதே யோசனை. கிணற்றடியில் பெண்கள் கூடிக்கூடிப் பேசினார்கள். செத்தவன் பெண்டாட்டிக்குக் குங்குமம் கொடுத்தால் கொடுத்தவள் தாலிக்கு ஆகாது என்றாள் ஒருத்தி. கொடுக்காவிட்டால் அவன் செத்துவிட்டான் என்று நாமே சொன்னதாக ஆகாதா என்று நான் கேட்டேன். "உனுக்கு பக்கத்து ஊடு, நீ பாத்துக்க" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நீ அப்போது பெரம்பூரில் மாமா வீட்டில் தங்கி வேலை பழகிக்கொண்டிருந்தாய். உன் அப்பாவுக்கு அந்த மார்கழியில்தான் காய்ச்சல் கண்டு தெளிந்திருந்தது. எனக்குப் பயம், மகனே. வேறொன்றும் இல்லை, வெறும் பயம். அந்தப் பயத்தை நான் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன். அலமேலுவுக்குக் குங்குமம் வேண்டாம், அதைவிட நல்லதாக வேறு ஏதாவது கொடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு விசிறி முடைந்தேன். ஓலைக்குச் சிவப்பும் பச்சையுமாகச் சாயம் ஏற்றி, ஓரத்துக்குத் துணி வைத்துத் தைத்து, கைப்பிடியை வழவழவென்று தேய்த்து, அந்த மாதிரி ஒன்றை நான் யாருக்கும் செய்ததில்லை. தாயாரம்மாவின் விசிறி நினைவுக்கு வரவில்லையா என்று நீ கேட்பாய். வந்தது. இது அதைவிட அழகாக இருக்கிறதே, அப்படி நினைக்க மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போகியன்று காலையில் நான்கு வீட்டுக்குக் குங்குமம் கொடுத்துவிட்டு, தாயாரம்மாவுக்கு விசிறியும் கொடுத்துவிட்டு, கடைசியாகத்தான் அவள் வீட்டுக்குப் போனேன். சபாபதி கூடத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அவள் சாணி மெழுகிய கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள். விசிறியை நீட்டினேன். வாங்கவில்லை. என் இடுப்பில் இருந்த கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"குங்குமம் எங்கக்கா?"

"தீந்துபூட்ச்சிமே. இந்த வருசம் மஞ்சா கொஞ்சந்தான் இருந்திச்சி."

"தாயாரம்மாவுக்கு குடுத்தியே, அதுவா இது?"

நான் சாயத்தைக் காட்டினேன், ஓரத்துத் தையலைக் காட்டினேன், என்னென்னவோ பிதற்றினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்த விசிறியை வாங்கி, யாரோ பிள்ளையைக் கொடுத்ததுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உள்ளே இருந்து சபாபதி, "பாத்தியா அண்ணி, பக்கத்து ஊட்டு அக்காவே சொல்லிட்டாங்க. நான் சொன்னாத்தான் உனுக்கு கசக்குது" என்றான். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

தை முடிவதற்குள் கோயில் எதிரே ஊர்ப் பெரியவர்களைக் கூட்டினான். அண்ணனுக்குக் கருமாதி செய்ய வேண்டும், அண்ணி தடுக்கிறாள் என்று முறையிட்டான். ஆதாரம் என்ன என்று கேட்டார்கள். நடந்து வந்த ஆளைக் காட்ட அவனிடம் யாரும் இல்லை. அவன் அந்த விசிறியைத் தூக்கிக் காட்டினான். "இந்த வரிசையில குங்குமம் யாருக்கு, விசிறி யாருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். குடுத்தவங்க அதோ நிக்கிறாங்க, கேளுங்க" என்றான். பெரியவர் என் பக்கம் திரும்பி, "ஏம்மா, இன்னாத்துக்கு குங்குமம் குடுக்கல?" என்று கேட்டார். எல்லாரும் பார்த்தார்கள். அலமேலு பார்த்தாள். அவள் பார்வையில் கோபமே இல்லை, இதோ அக்கா சொல்லிவிடுவாள் என்று காத்துக்கொண்டிருந்தாள். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் அப்பா தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர், "சரி, புரிஞ்சிது" என்று வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார்.

உடம்பு இல்லாமலேயே கருமாதி நடந்தது. நான் போகவில்லை, சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். நம் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். வளையல் உடைக்கிற சத்தம் கேட்டது. அவள் அழுகிற சத்தம் கேட்கவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தாங்கியிருக்கும் போல. நீ அடுத்த முறை வந்தபோது, அலமேலு அக்கா ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று கேட்டாய். கிணற்றுத் தகராறு என்று சொன்னேன். நீயும் நம்பிவிட்டாய். நிலம் போய்விட்டது, ஆனால் வீட்டைவிட்டு அவளைக் கிளப்ப அவனால் முடியவில்லை. அதே நிலத்தில் கேம்புக் கட்டடம் எழும்பியது, அதே இடத்துக்கு அவள் சித்தாளாகப் போய் மண் சுமந்தாள். இன்னும் போகிறாள்.

நேற்று உன் கடிதத்தைப் படித்த பிறகு என்னால் இருக்க முடியவில்லை. இந்த வருஷத்துக்கு இடித்து வைத்திருந்த குங்குமத்தில் ஒரு கொட்டான் நிறைய எடுத்துக்கொண்டு, சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்ததும் போய் நின்றேன். தாலியறுத்தவள் என்று ஊர் முடிவு கட்டியவளுக்குக் குங்குமம் கொண்டுபோகிறாயே, உனக்குப் பைத்தியமா என்று உன் அப்பா கத்தினார். கத்தட்டும் என்று போனேன். இரண்டு வருஷம் கழித்து அந்தப் படியை மிதிக்கிறேன். அவள் தலையில் இருந்த மண்ணை உதறிக்கொண்டு நின்றாள். நெற்றி வெறுமையாக இருந்தது. கொட்டானைத் திறந்து நீட்டினேன். மூடியை இழுத்த வேகத்தில் கொஞ்சம் கீழே சிந்திவிட்டது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கு தீந்துபூட்ச்சின்னு சொன்னியேக்கா. பொய்யின்னு எனுக்கு அப்பவே தெரியும்."

"தப்புதாம்மா. பயந்துட்டேன்."

"பயந்த, சரி. எங்கிட்ட பொய் சொன்ன, அதுவும் சரி. கோயிலாண்ட பெரியவரு கேட்டாரே, அதே பொய்ய அவருகிட்ட சொல்லியிருக்கலாமே. தீந்துபூட்ச்சி, அதான் குடுக்கலன்னு ஒரு வார்த்த. நான் அதுக்குத்தான் உன் வாயையே பாத்துகினு இருந்தேன்."

இரண்டு வருஷமாக நான் என்னை எத்தனையோ விதமாகத் திட்டியிருக்கிறேன், ஆனால் இது ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு சுலபமான ஒரு வார்த்தை, ஏற்கெனவே நாக்கில் இருந்த வார்த்தை. அவளை நோகடிக்க வந்தது, காப்பாற்ற வரவில்லை. அவள் குங்குமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. "எடுத்துகினு போக்கா. இப்ப நீ குடுக்கறது எனுக்கில்ல, உன் மனசு ஆறறதுக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. அதுகூட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. சிந்தினதைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு வந்தேன்.

இனி உன் ஐந்தாவது வீடு. நான் சொல்வதைக் கேட்டு உன் அப்பா, எதற்கு ஊர் வம்பு, எல்லாருக்கும் சீயக்காயோ விசிறியோ ஒன்றாகக் கொடுத்துவிடச் சொல், தீர்ந்தது என்கிறார். அப்படியும் செய்யலாம்தான், யாருக்கும் மனத்தாங்கல் வராது. ஆனால் மற்ற நான்கு வீட்டிலும் பண்டிகைக்குக் குங்குமம் நீட்டுவார்கள், அந்த அம்மாவைக் கண்டதும் சிமிழை மூடிக்கொள்வார்கள். அவரைப் பார்த்து மூடாத ஒரு வீடாவது அந்த வரிசையில் இருக்க வேண்டும், அது உன் வீடாக இருக்கட்டும். ஐந்து கொட்டானும் ஒரே அளவாக, ஒரே மாதிரியாக இருக்கட்டும். ஐந்தாவது கொட்டானுக்கு அழகு கூட்ட வேண்டாம், கூட்டினால் ஏதோ மறைக்கிறோம் என்று அர்த்தம். செல்லம்மா அந்த வீட்டுக்குக் கடைசியாகப் போகாமல் முதலில் போகட்டும். நெற்றியில் இட்டுவிடப் போக வேண்டாம், கையில் திணிக்கவும் வேண்டாம். மூடியைத் திறந்து நீட்டிக்கொண்டு நிற்கட்டும். எடுப்பதா வேண்டாமா என்பது அந்த அம்மாவின் விரல் முடிவு செய்ய வேண்டியது. நானும் ஊரும் சபாபதியும் முடிவு செய்ததெல்லாம் போதும். அந்த அம்மாவே தன் புருஷன் போய்விட்டார் என்று மனசார நினைத்து வேண்டாம் என்றால், செல்லம்மா தலையை ஆட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்து பேசிவிட்டு வரட்டும்.

செல்லம்மா சின்னப் பெண், அவளுக்கும் பயமாகத்தான் இருக்கும். உன் தாலிக்கு ஆகாது என்று அவள் அம்மாவே சொல்லியிருப்பார். அந்தத் தாலியைக் கட்டியவன் நீ, எனக்கு ஒன்றும் ஆகாது, போ என்று நீ சொன்னால்தான் அவளுக்குக் கால் நகரும். என்னிடம் உன் அப்பா அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ சொல்லிவிடு. பிறகு அவளைத் தனியாக அனுப்பாதே, கூடப் போய் வாசலில் நில். யாராவது, அது உன் மாமியாராகவே இருந்தாலும், செத்தவன் பெண்டாட்டிக்கு ஏன் குங்குமம் கொடுத்தாய் என்று கேட்டால் உன் அப்பாவைப்போலக் காலைப் பார்க்காதே, என்னைப்போல வாயை மூடிக்கொள்ளாதே. அவர் செத்ததை நீங்கள் பார்த்தீர்களா என்று திருப்பிக் கேள். சத்தமாகக் கேள். உள்ளே இருக்கிற அந்த அம்மாவின் காதில் விழ வேண்டும்.

உன் அம்மா